பால்மரத்தின் தாய்வீட்டில் மூன்று நாள்



பிரேசில் என்றால் நம் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் ஞாபகம் வரும். ஆனால் நம் தாத்தாவும் பாட்டியும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, வாழ்நாள் முழுவதும் எந்த மரத்தை நம்பி நின்றார்களோ, அந்த மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். அந்த மரத்தால் பெருவாழ்வு வாழ்ந்து, பிறகு நம்மவர் வெட்டிய பாலால் படுத்துப்போன ஒரு நகரம் அங்கே உண்டு. மனாவுஸ் என்று பெயர். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சுற்றிக் காட்டப் போகிறேன்.

தென் அமெரிக்காவைச் சாலை வழியாகச் சுற்றிக் காட்டும் கூட்டுப் பயணங்கள் இருக்கின்றன. லாரியைப் போல உயரமான ஒரு வண்டி. அதில் பத்துப் பதினைந்து பேர், பல நாட்டவர். கூடாரம், அடுப்பு, சட்டி பானை எல்லாம் வண்டியிலேயே இருக்கும். முறை வைத்துச் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் போவார்கள். நான் சேர்ந்த பயணம் மனாவுஸில் புறப்பட்டு, வடக்கே போவா விஸ்தா நகர் வழியாகக் கயானா நாட்டுக்குப் போவது. இப்படி ஒரு பயணத்தில் நீங்கள் சேருவதாக இருந்தால், மூன்று நாள் முன்னதாகவே போய்விடுங்கள். குழுவோடு சேர்ந்த பிறகு குழு பார்ப்பதைத்தான் நாமும் பார்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் மனாவுஸில் பார்க்க வேண்டியது வேறு.

போய் இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை. நமக்கும் மனாவுஸுக்கும் சரியாகப் 12 மணி நேர வித்தியாசம். கோலாலம்பூரில் காலை ஆறு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஆறு. முள் அதே இடத்தில்தான் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே 3 டிகிரி, அவர்கள் கீழே 3 டிகிரி. விமான நிலையக் கதவைத் தாண்டியதும் முகத்தில் அடிக்கிற ஈரக்காற்று நம் வீட்டுக் காற்று மாதிரியே இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, சடசடவென்று கொட்டிவிட்டு, அரைமணியில் வெயில் காய்கிறது. குடையை மறக்காதீர்கள்.

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். பிரேசிலில் பேசுவது போர்த்துக்கீசியம். அதில் பத்துப் பதினைந்து சொற்கள் உங்களுக்கு இப்போதே தெரியும். ஜன்னலை அவர்கள் ஜநேலா என்பார்கள். சாவி ஷாவி. மேசை மேசா. அலமாரி அர்மாரியு. கோப்பை கோப்பு. தமிழில் இல்லாததை மலாயில் தேடுங்கள். துண்டுக்குத் துவாலா என்கிறோமே, அங்கே துவாலியா. வெண்ணெய்க்கு மன்தேகா, அங்கே மன்தேய்கா. கொடிக்கு பெண்டேரா, அங்கே பன்தேய்ரா. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவிலும் சோழமண்டலக் கரையிலும் இறங்கிய போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள் இவை. விடுதியில் நான் 'ஷாவி' என்று கைநீட்டியதும் அந்த அம்மாள் தயங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். நன்றி சொல்ல ஒரு சொல்லை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'.

முதல் நாள் காலையில் ஆற்றங்கரைக்குப் போங்கள். ஊரின் முகம் அதுதான். ரியோ நேக்ரோ என்றால் கரிய ஆறு என்று பொருள். உண்மையிலேயே பால் விடாத தேநீர் நிறம். காட்டில் அழுகும் இலை தழையின் சாயம் ஊறியதால் அந்த நிறம். கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் உள்ளே இருந்தும், கடலில் ஓடும் பெரிய கப்பல்கள் இந்த ஊர்வரை வருகின்றன என்றால் ஆற்றின் ஆழத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆறு பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஜூன் மாதத்தில் உச்சம், அக்டோபர் நவம்பரில் அடிமட்டம். அதனால் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் மிதக்கும் துறைமுகம் ஒன்றைக் கட்டினார்கள். ஆறு ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். துறைமுகச் சுவரில் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் எட்டிய மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு வெள்ளம் 30 மீட்டர் குறியைத் தாண்டியது. அடுத்த சில ஆண்டுகளில் நேர் எதிர். 2023இலும் 2024இலும் வறட்சியில் ஆறு 13 மீட்டருக்கும் கீழே போய், படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. சாலையே இல்லாத ஊர்களுக்கு அரிசியும் குடிநீரும் போகாமல் மக்கள் தவித்தார்கள்.

துறையில் நிற்கும் மூன்றடுக்குப் படகுகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாற்காலி கிடையாது. ஆளுக்கொரு தூளி. பிள்ளைகளுக்கு நாம் கட்டுகிற தூளி மாதிரித்தான், பெரியவர்களுக்கானது. சந்தையில் வாங்கிக் கொண்டுபோய்க் கூரைக் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் அதில் ஆடிக்கொண்டே கடலோரத்து பெலேம் நகர்வரை போகிறார்கள். ஆச்சிமார், கைக்குழந்தைகள், கோழி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே தட்டில்.

பக்கத்திலேயே 1883இல் திறந்த பழைய சந்தை. இரும்புத் தூண்களும் வண்ணக் கண்ணாடியுமாக, பாரிஸ் நகரத்துச் சந்தையைப் பார்த்துக் கட்டியது. மீன் பகுதிக்குப் போனால் ஆள் நீளத்துக்குப் பிராருக்கு மீன் கிடக்கும். தம்பாக்கி என்றொரு மீன் உண்டு. அதன் விலா எலும்பை ஆட்டு விலா மாதிரி சுட்டுத் தருவார்கள். சந்தையில் மரவள்ளி மாவு குவியல் குவியலாக இருக்கிறது, மஞ்சளும் வெள்ளையுமாக, ரவை போல. சோற்றின்மேல் தூவிச் சாப்பிடுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தோம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கிழங்கும் இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அன்னாசி, நிலக்கடலை, ஏன், நம் குழம்பின் மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஆனால் மனாவுஸ்காரர்கள் நம் அளவுக்குக் காரம் தின்பதில்லை.

இனி ஊரின் பெருமைக்கு வருவோம். தியாத்ரோ அமசோனாஸ் என்ற நாடக அரங்கு. காட்டின் நடுவே இளஞ்சிவப்பு மாளிகை, மேலே பிரேசில் கொடியின் வண்ணங்களில் 36,000 ஓடுகள் பதித்த குவிமாடம். 1896 டிசம்பர் 31ஆம் நாள் திறந்தார்கள். ஒரு வாரம் கழித்து இத்தாலிய இசை நாடகம் ஒன்று முதன்முதலாக அரங்கேறியது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, இரும்பு பிரிட்டனிலிருந்து வந்தது. 198 சரவிளக்குகள் தொங்குகின்றன. இருக்கை ஏறத்தாழ 700. நிமிர்ந்து பார்த்தால் கூரை ஓவியம் பாரிஸ் ஐஃபல் கோபுரத்தின் அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல் வரையப்பட்டிருக்கிறது. கட்டணம் கட்டினால் வழிகாட்டி அழைத்துப் போய்க் காட்டுவார். நாடகத்துக்குத் தாமதமாக வரும் குதிரை வண்டிகளின் ஓசை உள்ளே கேட்காமல் இருக்க, வெளியே பாதையில் ரப்பர் கலந்த கற்களைப் பதித்தார்களாம். அதை அவர் சொல்லும்போது குழுவில் இருந்தவர்கள் 'ஆகா' என்றார்கள்.

எனக்கு ஆகா என்று வரவில்லை. அந்த 36,000 ஓட்டையும் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதே மனத்தில் ஓடியது. 1880களிலிருந்து 1910வரை உலகத்துச் சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய ரப்பரில் பெரும்பங்கு இந்தக் காட்டிலிருந்து, இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது. மனாவுஸுக்கு மின்சார விளக்கும் மின்சார டிராம் வண்டியும் பிரேசிலின் பல பெரிய ஊர்களுக்கு முன்பே வந்துவிட்டன. ரப்பர் முதலாளிகள் அழுக்குத் துணியை வெளுக்கக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், குதிரைக்கு ஷாம்பெய்ன் ஊட்டினார்கள் என்றெல்லாம் கதை கதையாகச் சொல்கிறார்கள். கதையில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி போதும்.

1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்குக்கும் மேலே ஏறியது. அதுதான் உச்சம். 1913இல் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை அளவில் மிஞ்சிவிட்டது. தோட்ட ரப்பர் என்றால் மலாயா, இலங்கை, சுமத்ரா. விலை சரிந்தது. முதலாளிகள் மாளிகையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அரங்கு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் வெறுமனே கிடந்தது. 1990இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். 1997இல் மறுபடி இசை நாடக விழா தொடங்கியது.

எப்படி மரம் நம் பக்கம் வந்தது என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், மனாவுஸுக்குக் கிழக்கே தப்பஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் ஏறத்தாழ 70,000 விதைகளைச் சேர்த்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 2,700 அளவுதான். அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்த ஒன்பதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பேராக் பக்கம் போகும்போது பாருங்கள். பிறகு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டிலேயே திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம்மவர் கை பழகியது அந்த முறையில்தான். விக்கம் செய்ததைத் திருட்டு என்றுதான் மனாவுஸில் சொல்கிறார்கள். அன்றைக்கு அதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். 'நீ மலேசியாவா?' என்று கேட்டுச் சிரித்த டாக்சி ஓட்டுநர், 'எங்கள் மரத்தைக் கொண்டுபோனவர்களா!' என்றார். கோபம் இல்லை, கேலிதான்.

இரண்டாம் நாள் முழுவதையும் ஓரிடத்துக்கு ஒதுக்குங்கள். பொன்தா நேக்ரா என்ற ஆற்றங்கரைப் பகுதிவரை பஸ். அங்கே தாவி படகுத்துறையில் ஏறினால் அரைமணி நேரத்தில், சிறு ஓடை ஒன்றின் கரையில், பழைய ரப்பர்க் காட்டு வாழ்க்கையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகம் வரும். 2002ஆம் ஆண்டு ஒரு திரைப்படத்துக்காகப் போட்ட காட்சியமைப்பு அது. படம் முடிந்ததும் அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள். முதலாளி வீடு, கடை, மாதா கோவில், பால்வெட்டுக்காரனின் குடிசை, புகைக் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. சினிமாவுக்குக் கட்டியதுதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மரம் சினிமா மரம் இல்லை.

வழிகாட்டி எங்களைக் காட்டுப் பாதையில் அழைத்துப் போனார். ஒரு மரத்தைக் காட்டினார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். முண்டும் முடிச்சுமாக, கைக்கோடரி கொத்திய பழைய தழும்புகள். நம் ஊர்ப் பால்மரத்தின் வழவழப்பான வெட்டு எங்கே, இந்தப் புண் எங்கே! அடுத்த மரம் எங்கே என்று கேட்டேன். நடக்க வேண்டும் என்றார். நடந்துகொண்டே இருந்தோம். அதுதான் விஷயம். நம் தீம்பாரில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். ஓர் ஆள் ஒரு காலையில் முந்நூறு நானூறு மரம் வெட்டிவிடலாம். அங்கே காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நூறு, நூற்றைம்பது மரத்துக்கு மைல் கணக்கில் வளைந்து வளைந்து ஒரு பாதை. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்புவானாம். அந்தத் தகர விளக்கை எடுத்துக் காட்டியபோது, நம் ஆட்களின் தலைவிளக்குக்கு அண்ணன் என்றே தோன்றியது. ஒரு சுற்று வெட்டு, மறு சுற்று மங்கைக் கவிழ்த்துப் பால் சேகரிப்பது. பிறகு சாயங்காலம்வரை புகைக் கொட்டகை. பனைக்கொட்டையை எரித்து, அந்தப் புகையில் ஒரு கழியைச் சுற்றிச் சுற்றிப் பாலை ஊற்ற, அது பந்தாகத் திரளும். முப்பது நாற்பது கிலோ வரும்வரை பல நாள் வேலை. புகை கண்ணையும் நெஞ்சையும் தின்றுவிடும். வழிகாட்டி இரண்டு நிமிடம் செய்து காட்டியதற்கே எங்கள் கண்ணில் நீர் வழிந்தது.

அதற்குப் பிறகுதான் கடைக்குள் அழைத்துப் போனார். உப்பு, மண்ணெண்ணெய், மரவள்ளி மாவு, கத்தி, துணி. எல்லாவற்றுக்கும் முதலாளி வைத்ததே விலை. பால்வெட்டுக்காரன் ஊரிலிருந்து வந்த கப்பல் செலவிலேயே கடன் தொடங்கிவிடும். முதல் மரத்தை வெட்டும் முன்பே அவன் கடனாளி. சொந்தமாகக் கிழங்கு நட்டுக்கொள்ளவும் பல இடங்களில் விட மாட்டார்கள். நட்டால் கடையில் வாங்க மாட்டானே! தராசும் முதலாளியுடையது, கணக்குப் புத்தகமும் முதலாளியுடையது. ஓடினால் பிடித்து வருவார்கள். இதையெல்லாம் கேட்ட ஓர் ஐரோப்பியப் பெண் 'நம்பவே முடியவில்லை' என்றார். கங்காணி கொடுத்த முன்பணமும் தோட்டத்துக் கடைப் பற்றும் கேட்டு வளர்ந்த நமக்கு நம்புவதில் என்ன சிரமம்?

அந்த மக்கள் யார் தெரியுமா? பிரேசிலின் வடகிழக்கில் சியரா என்ற வறண்ட சீமையைச் சேர்ந்தவர்கள். 1877இல் அங்கே மழை பொய்த்தது. மூன்று ஆண்டுக் கொடும் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மிஞ்சியவர்களில் பலர் கப்பலேறி இந்தக் காட்டுக்கு வந்தார்கள். 1877 என்றதும் நான் விரல்விட்டு எண்ணினேன். நம் ஊர்ப் பக்கம் அதே காலத்தில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சம். பசிபிக் கடல் நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியதால் இரண்டு கண்டத்திலும் ஒரே சமயத்தில் மழை தவறியது என்று இன்றைய வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். விக்கம் விதை பொறுக்கியதும் அதே 1876இல்தான். பஞ்சத்தில் கலைந்த குடும்பங்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கிளம்பிய வழியில்தான், ஒரு தலைமுறைக்குப் பிறகு, பால்மரக் காட்டுக்கும் ஆள் வந்தது. சியராக்காரனும் நம்மவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவன் பால் விலையை மற்றவன் பால் இறக்கியது. இரண்டு பேர் கையிலும் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். நமக்கு லயம் இருந்தது. அடுத்த வீட்டில் அக்காள் இருந்தாள், ஒரு கோயில், ஆடித் திருவிழா, ஒரு தமிழ்ப்பள்ளி, பிறகு சங்கமும் வந்தது. அங்கே ஒரு குடிசைக்கும் அடுத்த குடிசைக்கும் பல மணி நேர நடை. அந்தக் குடிசையில் ஒரு தூளியும் ஒரு சட்டியும் மட்டும் வைத்திருக்கிறார்கள். அரங்கின் சரவிளக்குகளைவிட அந்த ஒற்றைச் சட்டி என்னை அதிகம் உலுக்கியது. காட்டுப் பூர்வகுடிகளின் நிலை இன்னும் கொடியது. பெரு நாட்டு எல்லையில் புட்டுமயோ ஆற்றுப் பக்கம் அவர்களை அடித்தும் கொன்றும் ரப்பர் எடுக்க வைத்ததை, 1910இல் ரோஜர் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நேரில் விசாரித்து எழுதினார். அந்த ரப்பரும் ஆற்றோடு இந்தப் பக்கமாகத்தான் இறங்கியது.

இன்னொரு செய்தி. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து நின்றது. உடனே அமெரிக்கா பிரேசிலோடு ஒப்பந்தம் போட்டது. மறுபடி அதே வறண்ட சீமையிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஏழை இளைஞர்களை 'ரப்பர்ப் படைவீரர்' என்று பெயர் சூட்டி இந்தக் காட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் என்று 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்தான் எழுதினார்கள். இங்கே அதே 1942, 43இல் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே மரத்தை விட்டுப் பிரித்து நம்மைச் சாகவிட்டார்கள். அதே மரத்தடிக்கு இழுத்துப்போய் அவர்களைச் சாகவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம்: மரம் பிறந்த நாட்டிலேயே நம் மாதிரித் தோட்டம் போட்டிருக்கலாமே? போட்டுப் பார்த்தார்கள். மோட்டார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு 1928இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் பெரிய தோட்டமும் ஒரு நகரமும் அமைத்தார். மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக்கருகல் நோய் பற்றிக்கொண்டது. காட்டில் மரத்துக்கு மரம் தூரம் இருந்ததால் அந்தப் பூஞ்சணம் தாவ முடியாமல் இருந்தது; நிரையில் நட்டதும் தாவிவிட்டது. 1945இல் ஃபோர்டு கம்பெனி எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. விதை மட்டும் வந்து நோய் வராமல் போனதுதான் மலாயாவின் அதிர்ஷ்டம். இன்று பிரேசிலின் ரப்பரில் பெரும்பகுதி, அமேசானிலிருந்து வெகுதூரம் தெற்கே, நோய் பிடிக்காத சாவோ பாவ்லோ மாநிலத்தில் விளைகிறது. அங்கே அதிகம் நட்டிருக்கும் ரகம் எது தெரியுமா? ஆர்.ஆர்.ஐ.எம். 600. ஆம், நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து ரகம். போன பிள்ளை பேரனோடு திரும்பி வந்திருக்கிறான்.

சாயங்காலம் திரும்பியதும் அரங்கின் முன்னுள்ள சதுக்கத்தில் உட்காருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருக்கிறார்கள். அங்கே தள்ளுவண்டிப் பெண்கள் சுரைக்குடுவை போன்ற ஓட்டில் தக்கக்கா என்ற சூடான கஞ்சி ஊற்றித் தருவார்கள். மரவள்ளிச் சாற்றை நஞ்சு போகக் காய்ச்சி, காய்ந்த இறால் போட்டு, மேலே ஜம்பு என்ற கீரை. நம் ஊர் ஜம்புக்காய் அல்ல. கடித்தால் நாக்கும் உதடும் மரத்துப்போகும் கீரை! முதல் வாய்க்குப் பயந்துவிடுவீர்கள். மூன்றாம் வாய்க்கு விட மாட்டீர்கள்.

மூன்றாம் நாள் எல்லாச் சுற்றுலாக்காரரும் போகும் இடம், இரு ஆறுகள் கூடும் இடம். கரிய நேக்ரோவும் பால் தேநீர் நிறச் சொலிமோயிஸ் ஆறும் ஆறு கிலோமீட்டர் தூரம் ஒன்றோடொன்று கலவாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று வெதுவெதுப்பு, மெதுநடை. மற்றது குளிர்ச்சி, வேகம். படகிலிருந்து கையை விட்டால் கோட்டைத் தாண்டும் இடத்தில் வித்தியாசம் தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அரைநாள் போதும்.

மீதி அரைநாளில் பஸ்ஸில் ஊரைச் சுற்றினேன். ரப்பருக்குப் பிறகு ஊர் எப்படிப் பிழைத்தது என்பதற்குப் பதில் வழியெங்கும் தெரிகிறது. 1967இல் வரியில்லாத் தொழிற்பேட்டையாக அறிவித்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வந்தன. இன்று 20 லட்சத்துக்கும் மேல் மக்கள். மாலையில் தொழிற்சாலை பஸ்கள் சீருடைப் பெண்களை இறக்கிவிட்டுப் போகின்றன. 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் போகத் தொடங்கினார்களே, அதே காட்சி. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது, லயத்தைக் காலி செய்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனை! இங்கேயும் காட்டை விட்டு வந்தவர்கள் ஓடைக்கரையில் கால் நட்டுப் பலகை வீடு கட்டி இருக்கிறார்கள். காட்டிலேயே நின்று போராடியவர்களும் உண்டு. தென்மேற்கே அக்ரி மாநிலத்தில் பால்வெட்டுத் தொழிலாளர் சங்கத் தலைவர் சிக்கோ மெண்டிஸ், காட்டை மாட்டுப் பண்ணைக்காரர் அழிப்பதைத் தடுத்து நின்றதால் 1988 டிசம்பர் 22ஆம் நாள் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு அரசு பல காடுகளைப் பால்வெட்டுக்காரர்களின் பயனுக்கென்று ஒதுக்கியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டு, மஞ்சள் அட்டையைக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். இருட்டிய பிறகு துறைமுகப் பக்கம் தனியே நடக்க வேண்டாம். கழுத்துச் சங்கிலியைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். குழு கூடும் விடுதிக்கு முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள். அங்கே யார் எந்த நாள் சமைப்பது என்று பட்டியல் போடுவார்கள். சீரகமும் மஞ்சளும் கொஞ்சம் எடுத்துப் போனால் உங்கள் முறைக்கு எல்லாரும் காத்திருப்பார்கள்.

முக்கியமான ஒன்று. பால்மரத்துக் காட்டில் நடந்த காலணியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அன்று உடுத்திய துணியையும் துவைத்துவிடுங்கள். ஆசைக்கு ஓர் இலை, ஒரு விதை என்று பையில் போட்டு வராதீர்கள். அந்த இலைக்கருகல் நோய் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. இன்றும் சிறு தோட்டக்காரர் எத்தனையோ பேர் பால்மரத்தை நம்பி இருக்கிறார்கள். அருங்காட்சியகத்தின் வழிகாட்டி நினைவாகக் கொடுத்த மூன்று புள்ளி விதைகளை நான் அங்கேயே மரத்தடியில் வைத்துவிட்டேன். சிறுவயதில் உச்சந்தலையில் அடித்து விளையாடிய அதே பளபளப்பான விதைகள்.

நாலாம் நாள் விடியலில் வண்டி கிளம்பியது. வடக்கே போவா விஸ்தா ஏறத்தாழ 750 கிலோமீட்டர். இருபுறமும் காடு. வழியில் நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் எல்லை ஆற்றுப் பாலத்தில் ஒரு வேடிக்கை. பிரேசிலில் வலப்பக்கம் ஓட்டுவார்கள், கயானாவில் நம்மைப் போல இடப்பக்கம். பாலத்தின் ஒரு முனையில் சாலையே ஒன்றின்கீழ் ஒன்று நுழைந்து பக்கம் மாறிக்கொள்கிறது. அதைத் தாண்டினால் செம்மண் சாலையும், சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மாரியம்மாளைக் கும்பிடும் நாடும். அது இன்னொரு நாள் சொல்ல வேண்டிய கதை.